இறால் தொட்டிக்கு மண்

எங்கள் நிந்தவூரில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாமா ஆசையாகக் கொண்டுவந்து தருவதை வேண்டாம் என்று சொல்ல வீட்டு மருமகனுக்கு நாக்கு எழாது. என் இறால்களுக்கு வந்த வினை அதுதான்.

நகத்தளவு சிவப்பு நன்னீர் இறால்கள், கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கக் கொழும்பிலிருந்து எடுப்பித்தவை. அதில் ஒன்று வயிற்றில் முட்டை சுமந்துகொண்டிருந்தது. அது பொரிக்கும் முன் தொட்டியின் அடியில் போட நல்ல மண் வேண்டும். கடையில் வாங்கிய நிறக் கற்களை வாளியில் ஊறப்போட்டால் சாயம் கழன்றது. கடைசியில் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் வாப்பா அச்சிமுகம்மதுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பை கடற்கரை மணலோடு வந்தார்.

"மண்ணுக்குப் போய் என்னத்துக்கு மருமகன் இந்தப் பாடு? இந்தாங்க, நல்ல வெள்ள மணல்."

"நல்லம் மாமா" என்றேன். அவர் போனதும், சிப்பி கலந்திருக்கிறதா என்று அதில் வினாகிரி விட்டுப் பார்த்தேன். நுரைத்துப் பொங்கியது. பாதிக்குப் பாதி சிப்பித் தூள், தண்ணீரைக் கெடுத்துவிடும். பையைக் கிணற்றடியில் ஒளித்தேன்.

"வேணாமெண்டு வாப்பாக்கிட்டச் சொல்லுங்களன் மச்சான்" என்றாள் என் மனைவி ஸப்னா.

"உன்ட வாப்பாதானே, நீ சொல்லன்."

"எனக்கு ஏலா. அவருக்கு மனம் நோகும்."

இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. பிரயோசனம்தான் இல்லை.

மறுகிழமை கல்முனையில் என் போன் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், மாமா தொட்டிக்குள் மண்ணைப் போட்டுவிட்டு முழங்கை வரை சேற்றோடு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்மட நற்பிட்டிமுனை வயல் மண். இதுல கல்லப் போட்டாலும் முளைக்கும். எப்பிடி, நல்லமா?"

அந்த வயலுக்கு அவர் பூச்சிமருந்து அடித்து நான்கு நாளாகவில்லை. பூச்சியைக் கொல்கிற மருந்து இறாலை விட்டுவைக்குமா? தொட்டிக்குள் இறால்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன.

"நல்லம் மாமா" என்றது என் பாழாய்ப்போன வாய்.

அவர் அந்தப்பக்கம் திரும்பியதும், முட்டை சுமந்த இறாலை மட்டும் அள்ளி, ஐஸ்கிரீம் டப்பாவில் நல்ல தண்ணீர் ஊற்றி விட்டேன். காலை அசைத்தது. உயிர் இருந்தது. அதற்குள் மாமா மிச்ச மண்ணோடு வந்துவிட்டார்.

"பாவம், அதுக்கும் ஒரு பிடி போடுவம்." கை டப்பாவுக்கு மேலே வந்தது.

"வேணாம் மாமா."

சத்தமாகவே வந்துவிட்டது. குசினியில் மாமியின் அகப்பைச் சத்தம் நின்றது. ஸப்னா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"இந்த மண்ணுல மருந்திரிக்கி. றாலெல்லாம் மௌத்தாப் போச்சு. அண்டைக்குத் தந்த கடல் மணலும் சரிவராது."

மாமா தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். கையிலிருந்த மண்ணை மெதுவாக வாளிக்குள் விட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மனே" என்றார். "வேணாமெண்டா வேணாம். அதுக்கென்ன?"