நாகக்கல்லில் ஒட்டிய மஞ்சள்

...போகமாட்டேன் என்கிறதே இந்த மஞ்சள், ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தாலும் பாம்புப் படத்தின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னிக்கொண்ட இரண்டு பாம்பு, நடுவில் ஒரு குட்டி, அந்தக் குட்டியின் தலையில்தான் அதிகமாக அப்பியிருக்கிறாள்... பாஞ்சாலி, உன்னை யாரடி இங்கே வரச் சொன்னது? நான்தான், வேறு யார். கோவிந்தப்பா துணியை வாளியில் பிழிந்தான். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மியூசியப் பெருமையெல்லாம் அளந்தது அவன்தானே, முதல் ஹாலில் செத்தும் முறைக்கிற புலி, அடுத்ததில் பழைய ராஜாக்களின் கத்தி, காசு, கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த பறவைகள், மாடியில் படங்கள், எல்லாவற்றுக்கும் உம் கொட்டியவள் நாகக்கல் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "குட்டியோடயா இருக்குது?" என்று கேட்டாள். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். வீட்டுப்பக்கம் தொம்மலூர் அரசமரத்தடியிலும் கல் இருக்கிறது, இல்லாமலா, பால் சொம்போடு போனவளை மேல்தெருப் பெண்கள் யாரு நீ, எந்தத் தெரு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், அன்றைக்கு இவனுக்கு என்ன ரோஷம், மீசையை வேறு முறுக்கிக்கொண்டான்! "நீ எங்க மியூசியத்துக்கு வாடி. அங்க யாரு நீன்னு ஒருத்தன் கேக்கமாட்டான். நான்தானே காவலு."

காவலாம் காவல், தூ. தேசிகன் சார் அந்த நேரம் பார்த்தா வரவேண்டும், மியூசியத்துக்கே பெரியவர், கூடவே டில்லி ஆபீசர் ஒருவர், இவன் வேலை பெர்மனென்ட் ஆவது சார் கையில், அவள் கல்லின்முன் மண்டியிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு... "என்னய்யா கோவிந்தப்பா, யாரு இந்தம்மா?" என் சம்சாரம் சார் என்றால் முடிந்தது, நாக்கு நுனிவரை வந்ததே, வந்ததா, இல்லை இப்போது சும்மா அப்படி நினைத்துக்கொள்கிறேனா? "யாரம்மா நீனு? முட்டபாரது! ஹோகு, ஹோகு!" தொடாதே, போ போ என்று கத்தினேன், வீட்டில் ஒருநாளும் பேசாத கன்னடத்தில், திருடியை விரட்டுவதுபோல, தொண்டை கிழிய. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியாம பண்ணிட்டேன் சார், மன்னிச்சிருங்க சார்" என்று இவனிடமே சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். தேசிகன் சார் சிரித்தார், பாவி மனுஷன், திட்டியிருந்தாலாவது மனசு ஆறும். "ஏன்யா இப்படி அதட்டறே? பாவம், என்ன வேண்டுதலோ. அவ பூசினா என்ன, கல்லைத் தொடச்சுட்டாப் போறது." அவ்வளவுதான். அதற்கா பயந்தேன், அந்த மனுஷனுக்கா, என் பெண்டாட்டி என்று சொல்லியிருந்தால் தலையையா சீவியிருப்பார்? குட்டியின் கழுத்தடியில் இன்னும் மஞ்சள் இருந்தது. துணியை அங்கே கொண்டுபோனான், கை வரவில்லை, இருக்கட்டும், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.

மூடும் மணி அடித்து, கதவெல்லாம் பூட்டி வெளியே வந்தால் மரத்தடியில் அவள், போயிருப்பாள் என்றல்லவா நினைத்தான். அவள் கையில் மஞ்சள் இன்னும் போகவில்லை. என்ன சொல்வது, மன்னிச்சுக்கோ என்றா, இல்லை அவள் முதலில் திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும்... "உங்கள ஒண்ணும் சொல்லலியே அந்தப் பெரியவரு?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்ல" என்றான். கப்பன் பார்க் பாதையில் நடந்தார்கள், வழக்கமாகத் தோளை இடித்துக்கொண்டு தொணதொணவென்று பேசியபடி வருகிறவள் சத்தமில்லாமல் பின்தங்கி வந்தாள், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே சைக்கிளில் மியூசிய கிளார்க் சந்தானம் கையசைத்துப் போனார், அவர் மறையும்வரை அவள் தலையைக் குனிந்து வேறெங்கோ போகிறவள்போல வந்தாள். சார் என்று எவ்வளவு சுலபமாக வந்தது அவள் வாயில், திடுக்கிடவே இல்லையே, அப்படியானால் நான் இப்படித்தான் செய்வேன் என்று அவளுக்கு முன்பே தெரியுமா, எப்போதிருந்து? அவள் வந்து சேரட்டும் என்று கோவிந்தப்பா நின்றான்.

அவளும் நின்றாள்.