தொகுஜி ஒற்றைக் காலில் நின்ற நாள்

"ஒரு கையைக் கொஞ்சம் தூக்க முடியுமாங்க, ஐயா?" என்று நகராட்சியிலிருந்து வந்திருந்த நிஷிவாகி அம்மாள் கேட்டதுதான் தாமதம், தொகுஜி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். தூக்கியதோடு விட்டாரா? காலையில் வானொலியில் வரும் உடற்பயிற்சியை, இசையைத் தானே முனகிக்கொண்டு, கூடத்தின் நடுவில் முழுதாகச் செய்து காட்டினார். எண்பத்துநாலு வயது. வேலை பார்த்த காலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் விரட்டிய உடம்பு, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பழைய மிடுக்கைக் கடன் வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த மகள் சதோகோ, போதும் என்று அவருக்குக் கண்ணைக் காட்டிப் பார்த்தாள்.

அவள் நேற்று மாலை ஒசாகாவிலிருந்து ரயிலேறி வந்ததே இந்தச் சோதனைக்காகத்தான். "நாளைக்கு எதுவும் நடிக்க வேண்டாம்ப்பா. எப்பவும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நான் என்னிக்கு நடிச்சேன்?" என்று கேட்டவர்தான் இப்போது மூச்சிரைப்பதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி, மலைச்சரிவில் ஆரஞ்சு நன்றாகப் பழுத்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். அம்மா ஹருயே அவரில் பாதி எடைகூட இல்லை. தூக்கிப் பார்த்து முடியாமல், இரண்டு மெத்தைப் போர்வைகளைக் கொண்டுவந்து அவரைச் சுற்றிப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறாள். தபால்காரர் வந்துதான் தூக்கிவிட்டார். விஷயம் அந்தத் தபால்காரர் வாயிலிருந்தே சதோகோவின் காதுக்கு வந்தது. ஒன்று வீடு முழுக்கச் சுவரில் பிடித்து நடக்கக் கைப்பிடி வைக்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் ஒசாகாவுக்கு, அவளுடைய ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகள் பணத்தில் கைப்பிடியா? தொகுஜி அதற்கு ஒப்பவில்லை. முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கென்று ஓய்வூதியத்தில் இத்தனை வருடம் பிடித்தார்களே, அதிலிருந்து வரட்டும் என்றார். வரும்தான். தச்சருக்குக் கொடுப்பதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தருவார்கள். ஆனால் இவருக்கு உதவி தேவை என்று முதலில் நகராட்சி ஒத்துக்கொள்ள வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் நிஷிவாகி அம்மாள் வந்திருந்தாள்.

"ஒற்றைக் கால்ல ஒரே ஒரு வினாடி நிக்க முடியுமா?"

கொக்கு மாதிரி நின்றார். ஹருயே கை தட்டினாள். சதோகோ அம்மாவைப் பார்த்த பார்வையில் அந்தக் கைகள் மடியில் போய் ஒளிந்துகொண்டன.

"குளிக்கிறதெல்லாம் தனியாத்தானா?"

"பின்ன, கூட்டத்தோடயா குளிப்பாங்க?"

"போன குளிர்காலத்துல உள்ள விழுந்துட்டாருங்க" என்று சதோகோ குறுக்கே புகுந்தாள்.

"விழல. உட்கார்ந்தேன்."

"தபால்காரர் வர்ற வரைக்குமா?"

"களைப்பா இருந்துச்சு."

நிஷிவாகி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்கச் சதோகோவுக்குக் கழுத்து எட்டவில்லை. தேநீர் எடுக்கும் சாக்கில் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீயாவது உள்ளதைச் சொல்லக்கூடாதா?"

"வெளியாள் முன்னாடி புருஷனை எப்படிடி விட்டுக்கொடுக்கிறது?"

"அப்ப ஒன்பதாவது மாடிக்கு மூட்டையைக் கட்டு."

ஹருயே தட்டில் இன்னொரு இனிப்பை எடுத்து வைத்தாள். வைத்ததையே திரும்ப எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். சதோகோவுக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

கடைசியாகக் குளியலறையைப் பார்க்க நிஷிவாகி அம்மாள் எழுந்தாள். தொகுஜி முன்னால் நடந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் போல. நடைவழியில் பாதி தூரம் போனதும் அந்த அம்மாள் நின்றுவிட்டாள். நாள்பட்டு மஞ்சளாகிப்போன பழைய சுவர். அதில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது.

"இது என்னங்க, இங்க மட்டும் இவ்வளவு பளிச்சுனு?"

ஹருயே வெட்கத்தில் குறுகிப்போனாள். "மன்னிக்கணும். நீங்க வர்றீங்கன்னு தேய்ச்சேன். இவர் கை பட்டுப் பட்டு ஒரே கறுப்பா இருந்துச்சு, பார்க்கவே அசிங்கம். முழுச் சுவரும் தேய்க்கணும்னுதான் நெனைச்சேன், என் கை ஒத்துழைக்கல."

தொகுஜி கூரையைப் பார்த்தார்.

படுக்கையறைக் கதவில் தொடங்கி, கழிப்பறையைத் தாண்டி, குளியலறை நிலையில் ஒரு அகலமான உள்ளங்கையாக விரிந்து, அங்கிருந்து திரும்பி வாசல் தூண் வரைக்கும் போனது அந்த வெள்ளை. சதோகோ எத்தனையோ முறை இந்த வழியாகப் போயிருக்கிறாள். கறுப்பாக இருந்தபோது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. ஒவ்வொரு அடியும் சுவரைப் பிடித்தா நடந்தார்? நிஷிவாகி அம்மாள் தன் கையை அந்தப் பட்டையின் மேல் வைத்து, அதன் வழியே மெல்ல நடந்து பார்த்தாள். பிறகு தேநீர் அருமை என்றாள். முடிவு ஒரு மாதத்தில் தபாலில் வரும் என்றாள்.

வாசலில் தொகுஜி விறைப்பாக நின்று இடுப்பு வரை குனிந்தார். வந்தவர் தெருமுனை திரும்பி மறையும் வரை நிமிரக்கூடாது என்பது அவர் வீட்டு மரியாதை. முனையோ தூரம், அதுவரை ஆரஞ்சுத் தோட்டத்து வேலி நீண்டு கிடந்தது.

"நீங்க உள்ள போங்க ஐயா, வெயிலா இருக்கு."

"அதெப்படி? நீங்க முனை திரும்பணும்."

நிஷிவாகி அம்மாள் ஒரு கணம் அவருடைய முழங்கால்களைப் பார்த்தாள். பதிலுக்குக் குனிந்தாள். பிறகு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனையைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். ஐம்பது வயதுக்காரி, அலுவலகப் பாவாடையில், தோளில் பை குதிக்கக் குதிக்க ஓடினாள்.

"அந்தம்மா ஏன் இப்படி ஓடுறாங்க?" என்று குனிந்தபடியே கேட்டார் தொகுஜி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்றாள் ஹருயே.

பின்னால் நின்ற சதோகோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவின் தலை இன்னும் குனிந்தே இருந்தது. இடது கை மட்டும் மெதுவாகப் பின்னால் வந்து, தடவித் தடவி, தூணில் அம்மா தேய்த்து வைத்திருந்த வெள்ளையின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது.