மைதானத்தின் வழுக்கை

மைதானம் முழுக்கப் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. கிழக்குக் கோட்டோரமாக மட்டும், பதினான்கு எட்டு வைக்கும் நீளத்துக்கு, ஒரு முழ அகலத்தில், நடுமண்டையில் விழுந்த வழுக்கை மாதிரி ஒரு பட்டை. புல்லைப் பராமரிக்கும் மைதானக்காரர் மூன்று முறை விதை தூவிப் பார்த்துவிட்டார். முளைக்கும், மஞ்சளாகும், செத்துப்போகும். பூஞ்சையா என்று பார்த்தார், இல்லை. புழுவா என்று தோண்டினார், இல்லை. தண்ணீர்க் குழாயும் சரியாகத்தான் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி மைதானத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார். அவர் தலையாட்டினால்தான் இறுதிப்போட்டி இங்கே. இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும். தன் புல்லில் ஓர் இறுதிப்போட்டி நடக்காதா என்று பதினோரு வருடம் தவம் கிடந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு திருப்புளியை எடுத்தார். மண்ணிடம் நலம் விசாரிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. மற்ற இடத்தில் குத்தினால் பிடிவரை இறங்கியது. பட்டையில் இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்க மறுத்தது. விஷயம் விளங்கிவிட்டது. நல்ல மண் என்பது பாதி மண், பாதி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் காற்றும் ஈரமும் குடியிருக்கும். மிதிக்க மிதிக்க அது மூடிக்கொள்ளும், வேருக்கு மூச்சு முட்டும். யாரோ ஒரே தடத்தில் நடக்கிறார்கள். யார்?

பயிற்சி நான்கு மணிக்கு முடியும், ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மைதானக்காரர் பின்புறக் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருப்பார். அன்று சாணையை ஓடவிட்டுவிட்டு, பூனைபோல வந்து எட்டிப் பார்த்தார்.

கோச். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அலாரம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். இப்போது கையில் தாள்கட்டு, கண் தாளில், கால் மட்டும் செக்குமாடு மாதிரி பதினான்கு எட்டு போவதும் திரும்புவதுமாக இருந்தது. ஏழு மணிவரை நடந்தார்.

வீட்டுக்கு வந்த மைதானக்காரருக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் முந்திக்கொண்டது. பாவம், அந்த மனுஷனுக்கு வீடு வாசல் இல்லையா என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தாள்.

“அவரோட ஒரு மாசச் சம்பளம் நமக்குப் பத்து வருஷச் சம்பளம். அவருக்கென்ன பாவம்?”

“சம்பளம் பெருசுன்னா கால் வலிக்காதா?”

“வலிக்கும். என் காலும்தான் வலிக்குது. நான் கிளம்பிட்டா வார்டுல ஆளில்ல, அதனால நிக்கறேன். அவரை யாரு பிடிச்சு வெச்சிருக்கா? அதைக் கேட்டுட்டு வந்து பாவம் பாருங்க. அதுவரைக்கும் புல்லு மேல பரிதாபப்படுங்க.”

அவர் வாளித் தண்ணீரை மாற்றிக் கொடுத்தார். நியாயம் அவள் பக்கம் இருந்தது.

மறுநாள் மாலை பட்டையைக் காட்டிக் கேட்டேவிட்டார். கோச் தன் காலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலரைக்கே கிளம்பலாம்னுதான் நினைக்கறேன், அண்ணே. ஆனா கொட்டகையில நீங்க கத்தி தீட்டற சத்தம் கேட்கும். நீங்க உழைச்சிட்டிருக்கறப்ப, இவ்வளவு சம்பளம் வாங்கறவன் எப்படி முன்னாடி போறது? அதான் அப்படியே நடந்துட்டு இருப்பேன்.”

மைதானக்காரர் கேட்டுக்குள் நின்ற காரைக் கைகாட்டினார்.

“சார், உங்க கார் நிக்கற வரைக்கும் நான் கேட்டைப் பூட்ட முடியாது. பொழுது போகாமத்தான் தீட்டறேன். கத்தியே பாதியாத் தேஞ்சுபோச்சு.”

கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் மைதானக்காரர் எழுப்பியிருப்பார். அன்று தானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் சிரித்ததால் பழக்கம் போய்விடுமா? மறுநாள் ஐந்தரைக்கும் அலாரம் அதே தடத்தில் நடந்தது. கொட்டகையில் சத்தமே இல்லை. இந்த ஒரு தாளை மட்டும் படித்துவிடுகிறேன் என்று கோச் கையைக் காட்டினார். மைதானக்காரர் மனைவியிடம் சொன்னபோது, இப்போது வேண்டுமானால் கொஞ்சம் பாவம் பார்க்கலாம் என்று அவளும் சிரித்தாள்.

அதற்கடுத்த நாள் நீர்த்தெளிப்பான் திடீரென்று திறந்துகொள்ள, கோச் தாள்கட்டோடு நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார். அதற்குப் பிறகு ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார், மைதானக்காரர் பின்னாலேயே கேட்டைப் பூட்டிவிடுவார்.

இருபத்தெட்டாம் தேதி வந்த அதிகாரி, பழைய படத்தில் பார்த்திருந்த பட்டையைக் கிழக்கு ஓரத்தில் தேடித் தேடிப் பார்த்தார். திருப்புளி பிடிவரை இறங்கியது. இறுதிப்போட்டி இங்கேதான் என்று எழுதிக்கொண்டு, அந்தப் பட்டையில் எப்படிப் புல் வந்தது என்று கேட்டார்.

மைதானக்காரர் சொன்னார்: நான்கு விரல்கடைக்கு ஒரு துளை, துளைக்குள் மணல், மேலே விதை, தினமும் சரியாக மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்.