எந்தக் கை என்று எழுதாத மோதிரவிரல்

முப்பத்தொரு வருடம் நான் கோணல் விரல்களோடு குடித்தனம் நடத்தினேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போடுவதுதான் என் வேலை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கு மேலே, பதினோரு பேர் உட்கார்ந்து நோய்களை எண்களாக்கிக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்கு இதயம், ஈரல் என்று கௌரவமான உறுப்புகள். எனக்குக் கைவிரலும் கால்விரலும்.

அதிலும் பிறவிக் கோணல் என் மேஜைக்கு வராது. அது ஜன்னலோரத்து அம்மாவின் பங்கு. நேராகப் பிறந்து, பிறகு மனசு மாறி வளைந்துகொண்ட விரல்கள் மட்டும்தான் எனக்கு. "அப்படிப் பார்த்தா நீங்களும் எனக்கு நடுவுல வந்த கோணல்தான்" என்பாள் என் மனைவி. அவள் தெருமுனை சலூனில் முடி வெட்டுகிறவள். இரண்டாம் நாற்காலி அவளுடையது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய விரல்களில் ஒன்றை எடுத்துக் கதை பண்ணுவேன். ஒருவருடைய கால் கட்டைவிரல் எவ்வளவு வளைந்திருந்தது என்றால், அவர் தெருமுனைக்கு வருமுன்பே விரல் திரும்பிப் பார்த்து, வண்டி வருகிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இன்னொருவருக்குச் சுத்தியல் விரல். டாக்டரே அப்படித்தான் எழுதியிருந்தார். அவர் அதை வைத்துத் தன் வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் ஆணி அடித்துவிட்டார். இதெல்லாம் கண்ணால் பார்த்த விஷயம் என்று சத்தியம் செய்வேன். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ம், அப்புறம்?" என்பாள். அந்த "அப்புற"த்துக்காகத்தான் நான் வேகவேகமாக வீடு திரும்புவது.

ஒருநாள் அவள் விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"சீப்பு வைக்கிற டிராயர் இடிச்சிருச்சு."

"டிராயருக்கு அடி பலமா?"

"அது நல்லா இருக்கு."

எந்தக் கை என்று நான் கவனிக்கவில்லை. பேச்சு நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஃபைல் வந்தது. எங்களுக்கு ஆளின் பெயர் வராது, வெறும் எண்ணும் ஆணா பெண்ணா என்பதும்தான். முதல் பக்கத்தில் டாக்டர், 'மோதிரவிரல், நடு மூட்டு மடங்கிவிட்டது, நிமிர்த்த முடியவில்லை, காயத்துக்குப் பின் ஏற்பட்டது' என்று எழுதியிருந்தார். எந்தக் கை என்று எழுதவில்லை. என் எண்ணின் கடைசி இலக்கம் அதைத்தான் கேட்கும். ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது, ஒன்பது என்றால் தெரியவில்லை.

இப்படி வந்தால் மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லாவிட்டால் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கேட்க வேண்டும். சீட்டு போய் வர நாலு நாள். அந்த அறையிலேயே வேகமான கை என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை ஒரு மோதிரவிரலுக்காகக் கெடுத்துக்கொள்வதா? பக்கத்தைப் புரட்டாமலே ஒன்பது போட்டு, கீழே என் ஊழியர் நம்பர் பதினேழையும் போட்டு அடுத்த ஃபைலை இழுத்தேன்.

அன்று சாயங்காலம் கதை அதுதான்.

"இன்னைக்கு ஒரு பொம்பளை. மோதிரவிரல் மடங்கிப்போச்சு. எந்தக் கைன்னு டாக்டருக்கே தெரியல. எனக்கென்னமோ அந்தம்மாவுக்கு மொத்தமே ஒரு கைதான்னு தோணுது. நெஞ்சுக்கு நடுவுல முளைச்சிருக்கு. கைதட்டணும்னா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்குவா போல."

அவள் சிரித்தாள். எப்போதும் அடக்கிக்கொள்கிறவள், அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீங்க என்ன போட்டீங்க?"

"ஒன்பது. தெரியலன்னு அர்த்தம்."

"அதை வச்சு அவங்க வைத்தியம் பண்ணிருவாங்களா?"

"யாராவது கேட்டா அப்போ பார்த்துக்கலாம்" என்றேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரு மாதம் கழித்து, இரண்டாம் நாற்காலியை விட்டுவிட்டு வாடிக்கையாளர்களுக்குத் தலை அலசும் தொட்டிப் பக்கம் மாறிக்கொண்டதாகச் சொன்னாள். நின்று நின்று முதுகு வலிக்கிறதாம். தொட்டியிலும் நின்றுகொண்டுதான் அலச வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. "பதவி உயர்வா?" என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

நாலு மாதம் போயிருக்கும். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் அம்மாளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். அவள் ஒரு ஃபைலோடு வந்து என் மேஜையோரம் நின்றாள்.

"பதினேழாம் நம்பர் நீங்கதானே சார்?"

"அந்த நம்பரை இன்னும் வேற யாரும் கேக்கல."

"இதுக்கு இன்சூரன்ஸ்ல ஒப்புதல் கிடைக்காம அப்பவே திரும்பியிருக்கு. எந்தக் கைன்னு தெரியாம வைத்தியத்துக்கு அனுமதி தர மாட்டோம்னு எழுதிட்டாங்க. யாரும் திருத்தி அனுப்பல. ரெண்டாம் பக்கம் பார்த்தீங்களா?"

பார்த்தேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணின் உருண்டை உருண்டையான கையெழுத்து.

'வலது கை மோதிரவிரல். தொழில் முடி வெட்டுதல். கத்தரியின் வளையத்தில் இந்த விரலைத்தான் நுழைக்க வேண்டும், முடியவில்லை. சீப்பு டிராயரில் அடிபட்டது. மூட்டு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது. உடனே உறை மாட்டி ஆறு வாரம் நேராக வைத்தால் சரியாகிவிடும். ஒப்புதல் வந்ததும் ஆரம்பிக்கலாம். வீட்டில் துணைக்குக் கணவர் இருக்கிறார். உறையை மாட்டிவிடுவாரா என்று கேட்டேன். நல்லா கதை சொல்வார் என்றார்.'

"என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்ச விரல்."

சொந்தக்காரர் ஃபைலை நாங்கள் தொடக்கூடாது. பூதக்கண்ணாடியே என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பதை ஒன்றாக்கினாள். ஒரு விநாடி வேலை.

வீட்டுக்குப் போனபோது அவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு."

இடது கையை நீட்டினாள்.

"மத்தது."

மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு நீட்டினாள். முப்பத்தொரு வருடத்தில் நான் நேரில் பார்த்த முதல் கோணல் விரல். நடு மூட்டு மடிந்து, நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். நிமிரவில்லை.

"வலிக்குதா?"

"இப்போ இல்ல."

"அந்த ஃபைல் உன்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்க சொன்னப்போ சந்தேகம். திருப்பி அனுப்பின லெட்டர் வந்ததும் தெரிஞ்சுது. கீழே பதினேழுன்னு போட்டிருந்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா அதையும் கதையாக்கிருவீங்க."

"அன்னைக்கு அப்படிச் சிரிச்சியே."

"கதை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள், துண்டின் ஓரத்தைச் சரிசெய்தபடி.

ஒன்பது நாளில் ஒப்புதல் வந்தது. சர்ஜன் சின்ன வயதுக்காரர். விரலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். மூட்டு இறுகிவிட்டது, வெட்டி நிமிர்த்தினால் பிறகு மடங்காது, இரண்டில் எது வேண்டும் என்று அவளைக் கேட்டார்.

"கத்தரி பிடிக்க ரெண்டும் வேணுமே" என்றாள்.

"அப்போ இப்படியே விட்டுடலாம்மா."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

"அப்போ ஒரு பிளாஸ்டிக் உறையே போதும். ஏன், வரலையா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வேலை ஜாஸ்தி டாக்டர்" என்றாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எட்டு நிறுத்தம். ஒரு நிறுத்தத்திலும் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவளும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து கேட்பதில்லை.

என் தலையை இத்தனை வருடமும் அவள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டிவிடுவாள். அந்த நாலு மாதம் முதுகு வலி, துணி துவைக்கணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். முடி காதை மூடியது. போன வாரம் சலூனுக்கே போனேன். இரண்டாம் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். என்னைத் தெரியாது. "முதல்ல தலை அலசிட்டு வாங்க அங்கிள்" என்று உள்ளே அனுப்பினாள்.

தொட்டியில் கழுத்தைச் சாய்த்துப் படுத்தேன். மேலே என் மனைவியின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குப் போலவே என் தோளிலும் துண்டைப் போர்த்தி, தண்ணீரைத் திறந்தாள். இடது கை விரல்கள் ஐந்தும் மெத்தென்று மண்டையில் இறங்கின. இன்னொரு கையில் நாலு விரல்தான் அப்படி. ஐந்தாவது வளைந்து, மூட்டாலே உரசிக்கொண்டு போனது. அது உறுத்தாமல் இருக்க அவள் அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கித் தூக்கித் தேய்த்தாள்.

"தண்ணி சூடா இருக்கா?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றேன்.

கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.