திட்டி முடிக்கட்டும்

மத்தர் செம்பைச் சாய்த்து இறந்துபோன அப்பாவின் வலது தோளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டாள்.

"நூஃபாவுக்குச் சொல்லியாச்சா?"

முல்லா உபைத் இலந்தை இலை ஊறிய துணியைப் பிழிந்தார். மத்தர் கையை எடுத்துத் திருப்பினான். அப்பாவின் உள்ளங்கையில் டீசல் கறை இருந்தது. விடிகாலையில் ஆற்றங்கரைக்குப் போய்ப் பம்பு செட்டின் கயிற்றை இழுத்தவர், இரண்டாவது இழுப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது. கறையை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"உன்னைத்தான்டா கேக்குறேன். மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கணும்னு உங்க சித்தப்பா சொல்றான். இந்த வெயில்ல அதுக்கு மேல வைக்கவும் முடியாது. அவளுக்கு யார் சொல்றது?"

"எப்படிம்மா சொல்றது?"

"எப்படின்னு என்னைக் கேக்குற? நீதானே அன்னைக்கு எல்லாம் சொன்ன?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மத்தர் செம்பை மறுபடி நிரப்பினான். செம்பு வாளியில் இடித்துத் தண்ணீர் சிந்தியது. துக்கம் என்று முல்லா நினைத்திருப்பார். அது ஆத்திரம்.

நூஃபா அவனுடைய தங்கை. அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். நடுவில் முள்கம்பி. இந்தப் பக்கம் சிரியா, அந்தப் பக்கம் ஈராக். கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே ஃபுராத் ஆறு, ஒரே குலம், ஒரே பேரீச்சை. ஆள்கிற கட்சியும் ஒரே கட்சிதான். காலையில் பள்ளிக்கூடத்தில் மத்தர் பிள்ளைகளைச் சொல்லவைக்கிற 'ஒரே அரபு தேசம்' என்ற கோஷத்தை, அதே நேரத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு மாரிக்காலத்தில், இரண்டு நாட்டுத் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாடும் ஒன்றாகப் போகிறது, ஒரே கொடி, ஒரே ராணுவம் என்று ரேடியோ இரவும் பகலும் முழங்கியது. எல்லைச் சாவடியில் காவலர்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே கையாட்டி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் கம்பிக்கு அந்தப் பக்கத்து ஹமதின் வீட்டிலிருந்து நூஃபாவைப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பா ஹுவைதி தயங்கினார். எல்லைக்கு அப்பால் பெண் கொடுப்பதா என்றார். மத்தர்தான் வாத்தியார்த் தோரணையில் விளக்கினான். "எல்லையே இருக்காதுப்பா. அடுத்த தெருவுல கொடுக்குற மாதிரிதான்." அப்பா ரேடியோவை நம்பவில்லை, மகனை நம்பினார்.

கல்யாணம் நடந்து ஏழு மாதத்தில் பாக்தாதில் தலைவர் மாறினார். புதிதாக வந்தவன் சதி என்று கத்தினான், பழியைச் சிரியாவின் தலையில் போட்டான். இந்தப் பக்கத்துத் தலைவர் சும்மா இருப்பாரா? பாரசீகத்தோடு, அதாவது ஈரானோடு, அவன் போருக்குப் போனதும் இவர் பாரசீகத்தோடு கைகோத்தார். எண்ணெய்க் குழாயை அடைத்தார். எல்லையை மூடினார். தபால் இல்லை, போன் இல்லை. பாஸ்போர்ட்டில் 'ஈராக் தவிர' என்று அச்சடித்தே கொடுத்தார்கள். இரண்டு அரண்மனைக்காரர்களின் வீம்புக்கு நூஃபா பெற்ற இரண்டு பிள்ளைகளின் முகத்தை அவள் அப்பா கடைசிவரை பார்க்கவில்லை. அறுவடைக் காலத்தில் அந்த மாடியில் இரண்டு சின்னப் புள்ளிகள் ஓடும். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்ப்பார். "எது பொண்ணு, எது பையன்?" என்பார். யாருக்குத் தெரியும்?

உடலில் வெள்ளைக் கஃபன் துணியைச் சுற்றி முடித்ததும் முல்லா மெல்லச் சொன்னார். "பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கு. ஆனா கிழக்கே, ஈராக்கைப் பார்த்த குழாயைப் பாதுகாப்புத் துறைக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க, உனக்கே தெரியும். மேற்கே பார்த்ததைத் திருப்பிவச்சா அங்க கேக்கும். இன்னைக்குக் காத்தும் அந்தப் பக்கம்தான் போகுது."

"திருப்பிடலாமே."

"என் கழுத்தையும் சேர்த்துத் திருப்பிருவாங்க. அபூ ஃபிராஸ்கிட்ட கேட்டுட்டு வா."

அபூ ஃபிராஸ் பாதுகாப்புத் துறை ஆள். கடலோரத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பான். மத்தரைப் பார்த்ததும் எழுந்து நின்றான், நெஞ்சில் கைவைத்தான், ஆறுதல் சொன்னான், தேநீர் வரவழைத்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சொல்லுங்க வாத்தியாரே."

மத்தர் சொன்னான். ஒலிபெருக்கியை ஒரு பத்து நிமிஷம் கிழக்கே திருப்பவேண்டும். அடக்கம் செய்கிற மையவாடி மேட்டில் அப்பாவின் ஜனாஸாவைச் சுமந்து ஏறும்போது தங்கை அவள் வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

அபூ ஃபிராஸ் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான். அவசரமில்லாமல் புரட்டினான்.

"தங்கையா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்களே. 'எதிரி நாட்டில் உறவினர் உண்டா?' 'இல்லை.' உங்க கையெழுத்துதானே? அழகான கையெழுத்து."

மத்தரின் முகம் எரிந்தது. அதை எழுதாவிட்டால் வேலை போயிருக்கும் என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிவந்த சமாதானம், இப்போது அந்த மேசைமேல் மைக்கோடாகக் கிடந்தது.

"இப்ப இருக்காங்க," என்றான்.

அபூ ஃபிராஸ் சிரித்துவிட்டான். பிறகு கொஞ்சம் யோசித்தான். மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து, அடியில் பேனாவால் ஏதோ எழுதி நீட்டினான்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்ல வாத்தியாரே. திருப்புங்க. ஆனா சும்மா திருப்பினா, எதிரிக்குச் செய்தி அனுப்பினீங்கன்னு நான் எழுதியாகணும். இதை முதல்ல வாசிச்சிட்டு அப்புறம் உங்க செய்தியைச் சொன்னீங்கன்னா, எல்லைப்புற மக்களோட கண்டனக் குரல்னு எழுதிக்கலாம். எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

தாளில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பாக்தாதின் கொடுங்கோலன். இனத் துரோகி. கைக்கூலி. கடைசி வரி மட்டும் பேனாவால் எழுதிச் சேர்த்தது, மை இன்னும் காயவில்லை: 'இந்த உணர்வோடுதான் என் தந்தையும் வாழ்ந்தார்.'

"இந்தக் கடைசி வரி..." என்று மத்தர் இழுத்தான்.

"அது இல்லாம உங்க அப்பாவை எதுக்கு நடுவுல கொண்டு வர்றீங்கன்னு மேல கேப்பாங்க."

மத்தர் தாளை மடித்தான். அந்த ஆளின் தேநீரை அவன் முகத்திலேயே ஊற்றிவிட்டு வந்திருக்கவேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். மணி பத்தரை ஆகியிருந்தது.

பள்ளிவாசல் மாடியில் முல்லா உபைத் ஸ்பேனரோடு ஏறிக் குழாயைத் திருப்பினார். துருப்பிடித்த திருகு கிறீச்சிட்டது. அபூ ஃபிராஸ் கீழே மர நிழலில் நின்றான். மத்தர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய குரல் அது. எங்கே உயர்த்தவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அதற்குத் தானாகவே தெரிந்திருந்தது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிய ஈரம் சட்டைக் கையில் காய்வதற்குள், அப்பா ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளை அப்பாவின் பேரில் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் யாரையும் பேர் சொல்லித் திட்டாத மனிதர். கழுதையைக்கூட "போடா ராசா" என்றுதான் ஓட்டுவார்.

கடைசி வரியையும் வாசித்தான். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, குரல் உடைய, மூன்று தடவை சொன்னான்.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஜத்ஆனின் மகன் ஹுவைதி காலமாகிவிட்டார். லுஹர் தொழுகைக்குப் பிறகு கிழக்கு மேட்டு மையவாடியில் அடக்கம்."

அவன் இறங்கி வந்தபோது அபூ ஃபிராஸ் தோளில் தட்டிக்கொடுத்தான். "பிரமாதம்," என்றான்.

வீட்டு முன்னால் கறுப்புக் கூடாரம் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துர்க்கி சித்தப்பா கசப்புக் காபியை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். பெண்கள் சுவருக்கு அப்பால் முற்றத்தில் இருந்தார்கள். அபூ ஃபிராஸும் வந்து நடுவில் உட்கார்ந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை. வெயிலைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அம்மா சுவரோரம் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பது வாசல் இடுக்கில் தெரிந்தது. மத்தரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளும் முழுவதும் கேட்டிருப்பாள்.

அரை மணி நேரம் ஆனது. கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் நூஃபாவுக்கு எது முதலில் கேட்டிருக்கும்? அண்ணன் குரல் என்று அடையாளம் தெரிந்து மாடிக்கு ஓடி வந்திருப்பாள். வந்து நின்று, அந்த ஒன்றரைப் பக்கத்தையும் கேட்டிருப்பாள்.

அப்போதுதான் கிழக்கிலிருந்து ஒரு கொரகொரப்பு வந்தது. பிறகு ஒரு குரல். ஆண் குரல், நடுத்தர வயது. காற்று எதிர்த் திசையில் இருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"டமாஸ்கஸின் கொடுங்கோலன்... இனத் துரோகி... பாரசீகத்தின் கைக்கூலி..."

கூடாரத்தில் எல்லோரும் கையிலிருந்த கோப்பையையே பார்த்தார்கள். தலையாட்டினாலும் ஆபத்து, முகம் சுளிக்காவிட்டாலும் ஆபத்து. அபூ ஃபிராஸ் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். அந்தக் குரல் எங்கே உயரவேண்டுமோ அங்கே உயர்ந்தது, எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. மத்தருக்குச் சட்டென்று புரிந்தது. அவனும் வாத்தியார்தான். அவன் எதிரேயும் ஒருவன் மர நிழலில் நின்றுகொண்டிருப்பான்.

துர்க்கி சித்தப்பா காபிக் கெண்டியைத் துடைப்பதுபோல் குனிந்து மத்தரின் காதில் சொன்னார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் எழுதிக் கொடுக்குறானா?"

அபூ ஃபிராஸ் நோட்டை மூடினான். "வாத்தியாரே, எழுந்திருங்க. பதில் கொடுக்கணும். இதை இப்படியே விட முடியாது."

"இப்பவா?"

"இப்பவே. அவன் பேச்சு மேல ஏறி வாசிங்க. ஊர் முழுக்க இதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? அந்தத் தாள் உங்ககிட்டதானே இருக்கு?"

மத்தர் எழுந்தான். எழுந்தவன் நகரவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. கோழியை விரட்டுகிற குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் சும்மா இருங்கய்யா. அவன் திட்டி முடிக்கட்டும். அதுக்கு அப்புறம்தான் என் மக விஷயம் வரும்."

கூடாரத்தில் யாரோ இருமினார்கள். அபூ ஃபிராஸின் கழுத்து சிவந்தது. "அவங்களை உள்ள போகச் சொல்லுங்க," என்றான்.

"அவங்க வீட்டுக்காரர் இறந்திருக்கார்," என்றான் மத்தர். "போகமாட்டாங்க. நானும் ஏறமாட்டேன். நீங்க கேட்டதை வாசிச்சாச்சு. அப்பா பேர்ல பொய்யும் சொல்லியாச்சு. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க."

"வரேன்."

"பள்ளிக்கூடத்துச் சாவியையும் எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டு வரேன்."

காற்று ஒரு கணம் நின்றது. அந்தக் குரல் தெளிவாக வந்தது. இப்போது அது வாசிக்கவில்லை, பேசியது.

"ஜத்ஆனின் மகன் ஹுவைதிக்காக மூன்று நாள் துக்கம். ஹமதின் வீட்டில் துக்கம் விசாரிக்கலாம். அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும்."

முற்றத்தில் அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். விடிந்ததிலிருந்து அவள் அழவே இல்லை என்பது மத்தருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் எல்லோரும் ஆமீன் என்றார்கள். எந்தப் பக்கத்துப் பிரார்த்தனைக்கு என்று அபூ ஃபிராஸால் கேட்க முடியவில்லை.

தொழுகை முடிந்து தூக்கினார்கள். ஜனாஸாவைத் தூக்கினால் விரைந்து நடக்கவேண்டும், நிற்கக் கூடாது. அதுதான் முறை. தோள் மாற்றி மாற்றி வேகமாகத்தான் போனார்கள். பின்னால் அபூ ஃபிராஸும் இன்னொரு ஆளும் வந்தார்கள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் முள்கம்பி தெரிந்தது. அதற்கு அப்பால் தோட்டங்கள், மண் வீடுகள், மொட்டை மாடிகள். வழக்கமாக ஆளில்லாத அந்த மாடிகளில் இன்று கறுப்பாக நின்றார்கள். ஒரு மாடியில் இல்லை, எல்லா மாடிகளிலும். தண்ணீர்த் தொட்டி இருக்கிற மாடியில் மட்டும் ஏழெட்டுப் பெண்கள். யார் நூஃபா என்று மத்தருக்குத் தெரியவில்லை. இரண்டு சின்னப் புள்ளிகளும் இருந்தன. இன்று அவை ஓடவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டான் அபூ ஃபிராஸ். "நடங்க. இங்க கூட்டமா நிக்கக்கூடாது."

"செருப்பு வார் அறுந்துருச்சு," என்றான் மத்தர்.

பாடையை மெல்லத் தரையில் இறக்கினார்கள். தலைமாட்டைக் கொஞ்சம் உயரமாக, அந்த மாடிகளுக்குத் தெரிகிறபடி, மணல் மேட்டில் சாய்த்து வைத்தார்கள். மத்தர் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தான். துர்க்கி சித்தப்பா தன் செருப்பிலும் ஏதோ குறை இருப்பதாகக் குனிந்தார். முல்லா உபைத் குனிந்தார். பிறகு ஒவ்வொருவராக, கூடவந்த நாற்பது ஐம்பது பேரும் வெயிலில் குத்துக்காலிட்டுச் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அபூ ஃபிராஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். யாருடைய செருப்பும் சரியாகவில்லை.