எதற்கென்று தெரியாத கியூ

என் மனைவி எமில்டாவின் தம்பி லெஸ்லி சிக்காகோவிலிருந்து எங்களோடு மூன்று நாள் நிற்க வந்தான். அதில் மூன்றாவது நாளைப் பற்றி லண்டனில் நாங்கள் இருக்கிற மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில் பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். சனம் நின்ற கியூ பாலத்தைத் தாண்டிப் போனது என்கிறார்கள். அது பொய். பாலம் வரைக்கும்தான் வந்தது, தாண்டவில்லை. நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் அல்ல. ஆகையால் நடந்ததை நானே எழுதிவைப்பது நல்லது.

லெஸ்லிக்கு அறுபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் லண்டனில் பெற்றோல் ஷெட்டில் ஏழெட்டு வருஷம் நின்று, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அடுத்த மாதமே, மனைவி றஜீனாவின் ஆட்கள் இருந்த சிக்காகோவுக்குப் போனவன். றஜீனா கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. பதினான்காம் மாடியில் தனியே இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோடு அவன் கடைசியாகக் கதைத்தது லிப்ட் பழுதான அன்றைக்கு.

வியாழக்கிழமை வந்தவன் குளிக்கப் போன நேரம் பார்த்து எமில்டா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. அவன் ஞாயிற்றுக்கிழமை போறான். அதுக்குள்ள அவனுக்கு லண்டன் பிடிக்கவேணும்."

"பிடிச்சால்?"

"பின் அறை சும்மாதானே கிடக்கு. இஞ்ச வந்து இரு எண்டு நான் கேட்டால் பாவம் பாத்துக் கேக்கிறன் எண்டு நினைப்பான். வாயைத் திறக்கமாட்டன். அவனுக்கா வரவேணும். நீங்கள் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தையும் காட்டுங்கோ."

"காட்டுறன். எனக்கு ஆர் காட்டுறது?"

இதில் ஒரு சிக்கல் இருந்தது. லண்டனில் எனக்குத் தெரியாத சந்து இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவன் நான். உண்மையில் ஹவுன்ஸ்லோவுக்குப் பக்கத்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி, ஷிப்ட் முடிந்தால் மிச்சம், மிச்சம் விட்டால் ஷிப்ட் என்று இருந்தவன். லண்டனைப் பார்க்க வந்தவர்களின் பெட்டிகளை எல்லாம் பார்த்திருக்கிறேன். லண்டனைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவனைப் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அரசர்கள் தலை வெட்டுவித்த இடத்தைக் காட்டினேன். லெஸ்லி சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கட சிக்காகோவில கார் விடுற இடமே இதைவிட உயரம் அத்தான்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரை. "எங்கட ஆத்துக்கு வருஷத்தில ஒருநாள் பச்சைச் சாயம் ஊத்துறவங்கள், தெரியுமோ?"

"இஞ்ச ஒவ்வொரு நாளும் மண்ணிறம் ஊத்துறாங்கள். ஒருநாள் எண்டாலும் தவறவிட்டதில்லை" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பின்னேரம் மியூசியத்துக்குப் போனோம். நாலாயிரம் வருஷத்து எகிப்தியப் பிணம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் முன்னால் மட்டும் லெஸ்லி அதிக நேரம் நின்றான். "பாவம், தனிய கிடக்கு" என்றான்.

இதை வீட்டில் சொன்னபோது எமில்டா நண்டு கழுவத் தொடங்கினாள். "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயத்தங்காய், செத்தல் மிளகாயை அரைத்த கூட்டு, எல்லாம் போட்டது. மூன்று பேருக்கு என்று பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சினாள். அவளுக்கு அதைவிடக் குறைவாகக் காய்ச்சத் தெரியாது. பானையைக் குளியல் துவாயால் சுற்றி, சில்லு வைத்த கடைப்பைக்குள் இறக்கி, பங்குத் திருநாளில் மிஞ்சிய சின்னக் கடதாசிக் கோப்பைகளையும் மேலே அடுக்கினாள். ட்ராமில் விம்பிள்டன், அங்கிருந்து ரயிலில் வாட்டர்லூ, பிறகு நடை. ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்த பதினெட்டுப் பேரும் தங்கள் ஸ்டேஷனில் இறங்க மறந்தார்கள். கூழின் வாசம் அப்படி.

ஆற்றங்கரையில் பூட்டியிருந்த ஒரு பச்சைக் கதவின் முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள்.

நானும் லெஸ்லியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நேரே போய் அவர்களுக்குப் பின்னால் நின்றோம்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களின் கால் அப்படி. பாணுக்குக் கியூ, சீனிக்குக் கியூ, சீத்தைத் துணிக்குக் கியூ. முதலில் நிற்க வேண்டும். என்ன கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகு விசாரிக்கலாம். விசாரித்துவிட்டு நிற்கப் போனவனுக்கு ஒருநாளும் பாண் கிடைத்ததில்லை.

"என்னத்துக்கு நிக்கிறியள்?" என்றாள் எமில்டா.

"தெரியாது."

"பின்னை?"

"எங்களுக்குப் பின்னால ஆள் வந்திட்டுது அக்கா. இனி விட்டிட்டுப் போக ஏலாது" என்றான் லெஸ்லி.

பின்னால் வந்தவர் டொறத்தி என்ற ஆங்கிலேயப் பெண்மணி. வயது எண்பத்திரண்டு என்று தானே சொன்னார். மட்பாண்டக் கண்காட்சி என்று நினைத்து நின்றாராம். அவருக்குப் பின்னால் நாலு மாணவர்கள், இலவச ஐஸ்கிரீம் என்று நினைத்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கோட்டுக்காரர் ஏதோ இசைக் கச்சேரி டிக்கெட் என்று நம்பினார். ஒருவரும் ஒருவரையும் நேரே கேட்கவில்லை. ஆங்கிலேயருக்குக் கியூ எதற்கென்று கேட்பது, முன்னால் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்பது மாதிரி.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. லெஸ்லி கதைக்கத் தொடங்கினான். டொறத்தியின் பூனையின் முழங்கால் ஒப்பரேஷன் பற்றி அரை மணித்தியாலம் கேட்டான். மாணவன் ஒருவனுக்குப் பாண் கியூவில் இடம் பிடிக்கச் செருப்பை விட்டுவிட்டுப் போகும் முறையை விளக்கினான். அந்தப் பிள்ளை உடனே தன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனான். அவன் திரும்பி வரும்போது பதினாறு சப்பாத்துகள் வரிசையில் நின்றன. எமில்டா என் விலாவில் இடித்தாள்.

"பாருங்கோ, சிரிக்கிறான்."

"பேசாமல் இரும். கண்டால் நிப்பாட்டிப்போடுவான்" என்றேன்.

வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் கோட்டுக்காரரும் தொலைபேசி வந்து ஒதுங்கிக்கொள்ள, எங்களுக்கு முன்னால் ஒரேயொரு கிழவர் மட்டும் மடக்குக் கதிரையில் இருந்தார். லெஸ்லி குனிந்து, இந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மரியாதையாகக் கேட்டான்.

"திறக்குமா?" என்றார் அவர். "என் மனைவி படகில் கிறீனிச் போயிருக்கிறாள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அதுதான் இங்கே இருக்கிறேன். காலையிலிருந்து என் பின்னால் ஏன் இவ்வளவு பேர் என்று நானும் யோசித்தேன். கேட்டால் மரியாதையாக இருக்காதே."

அப்போது ஒரு படகு வந்தது. தொப்பி போட்ட அம்மா ஒருவர் இறங்கிக் கையசைத்தார். கிழவர் கதிரையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

கியூவின் முதல் ஆள் இப்போது லெஸ்லி. திரும்பிப் பார்த்தான். மரங்களுக்குக் கீழே, புத்தகக் கடைகளைச் சுற்றி, படிகளில் ஏறி, பாலம் வரைக்கும் சனம். எல்லாக் கண்ணும் அவன் மேல்.

"அத்தான், என்ன செய்யிறது?"

"மெல்லமா நழுவுவம். வலப்பக்கம் படி இருக்கு."

"ஏலாது." அவன் முகம் மாறிவிட்டது. "எனக்கு ஒன்பது வயசில, நாலு மணித்தியாலம் நிண்டு முன்னுக்குப் போனாப் பிறகு, பாண் முடிஞ்சுது போடா எண்டவங்கள். வெறுங்கையோட வீட்ட போனன். இந்தச் சனத்தை நான் அப்பிடி அனுப்பமாட்டன்." கடைப்பையைப் பார்த்தான். "அக்கா, கூழைத் திற."

"டேய், அது பன்னிரண்டு பேருக்கடா!"

"திற எண்டுறன்."

எமில்டா துவாயை அவிழ்த்தாள். லெஸ்லி அகப்பையைப் பிடித்தான். நான் கோப்பை நீட்டினேன். முதல் கோப்பை டொறத்திக்கு. அவர் குடித்தார், கண்ணை மூடினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றின் மறுகரையில் போகிற பஸ்ஸின் நம்பரை வாசித்தார். சரியாக இருந்தது.

கோட்டுக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டு ஓடிவந்தார். ஒரு மிடறில் டபுள்டெக்கர் பஸ்ஸின் நிறத்துக்கு வந்தார். "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். கழுத்துப்பட்டியைக் கழற்றினார், பிறகு கோட்டை. பிறகு பாலத்தடிக்கு நடந்துபோய்க் கடைசி ஆளாக மறுபடி நின்றார். பொல்லு ஊன்றி வந்த ஒருவர் பொல்லை மறந்துவிட்டுப் போனார். அது இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கதவு மூலையில் நிற்கிறது. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

நண்டுக்காலை எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு மாணவி கேட்டாள். லெஸ்லி பல்லால் கடித்துக் காட்டினான். முப்பது பேர் ஒரே நேரத்தில் கடித்தார்கள். அந்தச் சத்தத்தில் சுற்றுலாப் படகு ஒன்று வேகம் குறைத்தது. அதன் வழிகாட்டி ஒலிபெருக்கியில், "உங்கள் வலப்பக்கத்தில் நீங்கள் பார்ப்பது லண்டனின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று" என்றார். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

பானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருநூறாவது கோப்பைக்கு மேல் நான் எட்டிப் பார்த்தேன். பாதிக்குக் குறையவில்லை. அற்புதம் என்ற சொல்லை நான் பாவிக்கமாட்டேன். அதற்குச் சுவாமியார் விசாரணை வைக்க வேண்டும். எமில்டா பக்கத்துக் கோப்பிக் கடையில் சுடுதண்ணீர் வாங்கிக் கலந்தாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் அன்றைக்கு வரிசையில் நிற்காதவர்கள்.

மஞ்சள் அங்கி போட்ட காவலாள் ஒருவர் வந்தார். இதற்கு யார் பொறுப்பு, அனுமதி உண்டா என்று கேட்டார்.

"பொறுப்பானவர் முன்னால் நிற்கிறார்" என்றார் ஒருவர். "ஆனால் நீங்கள் வரிசையில் வர வேண்டும்."

காவலாள் யோசித்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர். போய்க் கடைசியில் நின்றார். ஐம்பது நிமிஷத்தில் முன்னுக்கு வந்தபோது அவர் கேட்டது, "இறால் கொஞ்சம் கூடப் போட முடியுமா?"

நாலு மணிக்குக் கடைசிக் கோப்பை முடிந்தது. பாலத்தடியில் நின்ற கடைசி ஆளுக்கும் கிடைத்தது. அவர் அதே கோட்டுக்காரர், நாலாவது தடவை. லெஸ்லியின் சட்டையில் முழங்கை வரைக்கும் கூழ். வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கு நடந்த டொறத்தி திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் இதே நேரம்தானே?"

"கட்டாயம்" என்றான் லெஸ்லி. "பதினொரு மணிக்கு வாருங்கள். நேரத்தோடு வந்தால் நண்டுக்கால் கிடைக்கும்."

எமில்டாவின் கையிலிருந்த மூடி நிலத்தில் விழுந்து உருண்டது. அதை ஒருவரும் எடுக்கவில்லை.

"தம்பி," என்றாள் மெல்ல, "நாளைக்கு உனக்கு பிளைட்."

லெஸ்லியின் வாய் சொன்னதை அவன் காது அப்போதுதான் கேட்டது.

"சனத்துக்குச் சொல்லிப்போட்டன் அக்கா," என்றான். "சொன்னாப் பிறகு வராமல் விடலாமோ?"

"விட ஏலாது."

"அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் கேப்பினம்."

"கேப்பினம்தான். சனம் அப்பிடி."

"அப்ப… நான் படுக்கிற அந்தப் பின் அறை?"

"கட்டில் விரிச்சபடிதான் கிடக்கு" என்றாள் எமில்டா. மூக்கைக் குளியல் துவாயில் சிந்தினாள். நான் ஆற்றைப் பார்த்தேன். செத்தல் மிளகாய்க்கை கண்ணில் பட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பெரிய பானையோடு பத்தரைக்கே போனோம். பச்சைக் கதவிலிருந்து பாலம் வரைக்கும் ஏற்கெனவே சனம். நானும் எமில்டாவும் கோப்பைகளை அடுக்கி, அகப்பையைத் துடைத்து, எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டுப் பார்த்தால், பானையைக் காணவில்லை. லெஸ்லியையும் காணவில்லை.

அவன் பானையோடு போய்ப் பாலத்தடியில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தான்.

கூப்பிட்டோம், வரவில்லை. அவனுக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டதாம். பானை முன்னுக்கு வரும் வரைக்கும் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் காத்திருந்தோம். நடுவில் நின்ற ஒருவரும் அவனுக்கு இடம் விட்டுக்கொடுக்க முன்வரவில்லை.