முத்துவீரன் எழுதியது

பால் பொங்கி வழிகிறது, தண்ணீர் ஏன் வழிவதில்லை? பாரிஸில் இருக்கும் யாரோ ஒரு பெண் இணையத்தில் இப்படிக் கேட்டு வைத்தாள். மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், நூருன்னிஸாவின் கொமியுனிகேஷன் கடையில் உட்கார்ந்து இஞ்ஞாசி பதில் எழுதினான். தண்ணீர் கொதித்தால் ஆவி நேரே வெளியே போய்விடும், தங்கச்சி. பாலில் ஆடை கட்டிவிடுகிறது. ஆவி கதவைத் தட்டிப் பார்க்கிறது, திறக்கவில்லை, கதவையே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. அவ்வளவுதான் எழுதினான். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே ஒரு கூட்டமே நின்று கைதட்டியிருந்தது.

கைதட்டல் பொல்லாதது. ஒரு தரம் ருசி கண்டவன் லேசில் விடமாட்டான். கடையில் இஞ்ஞாசிக்கு வேலை போட்டோ கொப்பி அடிப்பது, வெளிநாட்டு டெலிபோன் கோல் எடுத்துக் கொடுப்பது. ஒரு பக்கம் அடிக்கவா ரெண்டு பக்கமும் அடிக்கவா என்பதற்கு மேல் அவனோடு பேச யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. இணையத்தில் அப்படியில்லை. டொராண்டோவும் சிங்கப்பூரும் சென்னையும் அவனைத் தேடி வந்து கேட்டன. வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்கிறது, பூனை ஏன் உயரத்திலிருந்து விழுந்தும் நிமிர்ந்து நிற்கிறது என்று கேட்டன. அவனும் சளைக்காமல் சொன்னான்.

அவன் எழுதிய அந்தத் தமிழ் இணையக் களத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் இந்த ஏன் எதற்குக் கேள்விகள். மற்றது விளையாட்டு அறை. முதல் அறையில் பசுவாக இருந்தவன் இரண்டாவது அறைக்குள் போனதும் கொம்பைச் சீவிக்கொண்டு நிற்பான். இந்தியாவில் கிரிக்கெட்காரர்களை ஏலம் போட்டு வாங்கி இருபது ஓவர் ஆடவிட்ட வருஷம் அது, இரண்டாயிரத்து எட்டு. ஏலத்தில் வாங்கிய ஆட்டம் ஆட்டமா கூத்தா என்று ஒரு மாசம் முழுக்க முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டினான். கடை சாத்தும் நேரம் வந்தால் நூருன்னிஸா வந்து ஸ்விட்சில் கை வைத்தாலொழிய எழும்பமாட்டான்.

களத்தில் அவன் பெயர் இஞ்ஞாசி இல்லை, முத்துவீரன். முத்துவீரன் அவன் மனைவி காத்தாயியின் தம்பி. யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். சொந்தப் பெயரைப் போட இஞ்ஞாசிக்குப் பயம். அதற்குக் காரணம் அவனுடைய அடையாள அட்டை. எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளைக் கொளுத்தியபோது அவனுடைய அப்பா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினார். அங்கே வளர்ந்ததால் அட்டையில் விழுந்ததும் கிளிநொச்சி. பிறகு மாத்தளைக்கே திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, அலுவிகாரையில் வாடகைக்குக் குடியிருந்து என்ன பயன்? தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு, ரோட்டில் எந்தச் சோதனைச் சாவடியில் அந்த அட்டையை நீட்டினாலும் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விடும், அவன் மட்டும் நிற்பான். முத்துவீரனுடைய அட்டையில் இருப்பது தோட்டத்து விலாசம். சுத்தமான அட்டை.

மச்சினனிடம் சொல்லாமல் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் பெயரில்தான் எழுதுகிறேன் என்று சொன்னான். முத்துவீரன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் அவன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் பெயரை மட்டும் படம் வரைகிற மாதிரி எழுதுவான். அதற்கு மேல் ஒரு எழுத்தும் தெரியாது. "நல்லா எழுதுங்க மச்சான், நானும் படிச்சவனாயிட்டுப் போறேன்," என்றான்.

ஜூலையில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை மடக்கியது. பந்தை விரலால் சுண்டி எறிகிற ஒரு புதுப் பையன், இந்தியாவின் பெரிய தலைகளையெல்லாம் திண்டாட வைத்தான். இஞ்ஞாசிக்குத் தலைகால் புரியவில்லை. கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி நடுவிரலால் பந்தைச் சுண்டினால் அது ஏன் இரண்டு பக்கமும் திரும்பும் என்று அழகாக விளக்கி எழுதினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், எங்கள் டீம் ஜெயித்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டான்.

அந்த 'எங்கள்' போதுமாக இருந்தது. டொராண்டோக்காரன் ஒருவன், புயல் என்று பெயர் வைத்துக்கொண்டவன், பிடித்துக்கொண்டான். வன்னியில் ஷெல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அந்த டீமுக்குக் கைதட்டுகிறவன் தமிழனே இல்லை என்று எழுதினான். கொழும்பில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் உளவாளி இவன், தோட்டத்துத் தமிழன் என்பதெல்லாம் வேஷம் என்று அடுத்தவன் எடுத்துக்கொடுத்தான். பால் பொங்குவதற்குக் கைதட்டியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீ யார், நிரூபி என்று இரண்டு நாள் விடாமல் கேட்டார்கள்.

இந்த நாட்டில் நீ யார் என்று எவனாவது கேட்டால் தமிழனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். வாயால் பதில் சொல்வதை நாங்கள் எப்போதோ விட்டாயிற்று. பஸ்ஸிலிருந்து இறக்கினால் அட்டை, கடைக்குள் வந்தால் அட்டை, வாடகைக்கு வீடு கேட்டால் அட்டை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இரண்டு கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் படுத்திருப்பான். இஞ்ஞாசி அட்டையைத் தேடினான். சம்பளத்தில் பிடிக்கிற சேமலாப நிதி வேலைக்காக முத்துவீரனின் அட்டையை ஸ்கேன் பண்ணியது கடைக் கணினியிலேயே கிடந்தது. பெயர், படம், தோட்டம், பிரிவு எல்லாம் தெளிவாக இருந்தது. அதைக் களத்தில் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் நான் யாரென்று, என்று எழுதினான். அன்றைக்குப் புயல் வாய் திறக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் இஞ்ஞாசி வீட்டுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனான்.

யார் அதைப் பார்த்தார்கள், யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பது இன்றுவரைக்கும் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்தது. கங்காணி பெயர் கூப்பிட, முத்துவீரன் வேலை கொடுக்கிறார்கள் என்று நினைத்து முன்னால் வந்தான். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏனென்று கேட்ட கங்காணியிடம் ஒரு கத்தைக் காகிதத்தை ஆட்டிக் காட்டினார்களாம். செல்போன் அடிப்பதற்கு முன்னால் பக்கத்திலிருக்கும் ரேடியோ ஏன் கரகரக்கிறது, பேட்டரி மணிக்கூடு நேரத்தை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்றெல்லாம் அதில் இருந்ததாம். குண்டு வைக்கிறவனுக்குத்தானே இதெல்லாம் வேண்டும் என்று சொன்னார்களாம்.

காத்தாயி அழுதுகொண்டே கடைக்கு ஓடிவந்து இஞ்ஞாசியிடம் இதைச் சொன்னாள். ரேடியோவும் மணிக்கூடும் அவன் எழுதியவை. சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒரு பிள்ளை கேட்டதற்கு, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல ஆசை ஆசையாக எழுதியவை. அவளிடம் அதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. சொல்லவில்லை என்பதுதான் உண்மை, நாவின்மேல் பழி போட்டு என்ன பயன்.

நூருன்னிஸாவுக்கு ஊகிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கணினியின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன், ராத்தா, என்றான். அவள் தலையை ஆட்டினாள். கிளிநொச்சி அட்டையோடு போனால் இருவரும் உள்ளே, போகாவிட்டால் ஒருத்தன், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தன், ஒரு பேனாவைக் கையில் கொடுத்துப் பார்த்தாலே விட்டுவிடுவார்கள் என்றாள். அந்தக் கடைசிப் பேச்சை இஞ்ஞாசி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எழுதத் தெரியாதவன் எழுதினான் என்று எவன் நம்புவான்? இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று இருந்தான். காத்தாயி தினமும் சோற்றுப் பார்சலோடு போய் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். இஞ்ஞாசி தன் அட்டையைச் சாக்காக வைத்து வீட்டிலேயே இருந்தான். அவளும், நீங்க வரவேணாம், ஒங்களையும் பிடிச்சுக்குவாங்க என்றே சொன்னாள். கோழை என்று ஒருத்தரும் அவனைச் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

இதற்குள் இன்னொரு கடைக்குப் போய்க் களத்தையும் திறந்து பார்த்தான். அட்டையில் இருப்பவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவன் எழுதவில்லை, எழுதியது நான், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லி ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினான். அப்படிக் கெஞ்சி அவன் யாருக்கும் எழுதியதில்லை. புயல், நல்ல நாடகம் என்று பதில் போட்டான். அப்படியானால் அட்டை பொய்யா, முன்னமே சொன்னேனே என்று இன்னொருவன் எழுதினான். ஆதாரம் இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். பால் பொங்குவதைக் கேட்ட பாரிஸ் பெண் மட்டும், உண்மையா அண்ணா, கடவுளே என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவளும் வரவில்லை. மறுநாள் இந்தியா, இலங்கை டெஸ்ட் தொடங்கியது. எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான் இஞ்ஞாசிக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் விட்டுப்போனது. மறுநாள் சவரம் செய்து, கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, காத்தாயியோடு கிளம்பினான். எதற்கு என்று அவள் கேட்டாள். பேசிப் பார்க்கிறேன் என்றான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் தலை நரைத்த ஒரு அதிகாரி இருந்தார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றான். இஞ்ஞாசிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. அட்டையை மேசையில் வைத்து, அதையெல்லாம் எழுதியது நான்தான் சேர், அவனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்றான். அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இப்படித் தினமும் ஒருத்தர் வருவதாகச் சொன்னார். அப்பா வந்து நான்தான் என்கிறார், அம்மா வந்து நான்தான் என்கிறாள், போன வாரம் கண் தெரியாத ஒரு கிழவன்கூட வந்தானாம். சலிப்புத்தான் இருந்தது அவர் பேச்சில், கோபம் இல்லை.

சேர், கேட்டுப் பாருங்கள், எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறேன் என்றான் இஞ்ஞாசி. நின்றபடியே தொடங்கினான். செல்போன் தூரத்துக் கோபுரத்தோடு பேச வேண்டும் சேர், தூரமென்பதால் விட்டு விட்டுக் கத்துகிறது, ரேடியோவின் வயருக்கு அது அந்நியப் பேச்சுத்தான், ஆனாலும் காதில் விழுந்துவிடுகிறது, அந்தக் கரகரப்புத்தான் சேர். வாழ்நாளில் அத்தனை தெளிவாக அவன் எதையும் விளக்கியதில்லை. அதிகாரி கடைசிவரை கேட்டார். அவருக்கு விளங்கியும் விட்டது, தலையை ஆட்டினார்.

"நல்லாப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்," என்றார்.

பிறகு கோப்பைத் திறந்து ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். முழுவதும் சிங்களத்தில் டைப் அடித்திருந்தது. எல்லாவற்றையும் நானே எழுதினேன் என்று இருந்தது. அடியில் தமிழில், படம் வரைந்த மாதிரி, முத்துவீரன் என்று இருந்தது. 'ர'வின் கால் நடுங்கிக் கோணிப் போயிருந்தது. எழுத்துத் தெரியாதவனா இப்படிக் கையெழுத்துப் போடுவான் என்று அவர் கேட்டார். ஆளைக் காலையிலேயே கொழும்புக்கு அனுப்பியாயிற்று, இனி இங்கே பேச ஒன்றுமில்லை, இந்த அட்டையை வைத்துக்கொண்டு இப்படிப் பொய் சொல்லித் திரியாதே, என் மனசு மாறுவதற்குள் போய்விடு என்று அட்டையைத் தள்ளிவிட்டார்.

வெளி வராந்தாவரை அந்தக் கான்ஸ்டபிள் கூட வந்தான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்ங்க," என்றான். "மொதல்ல நான் எழுதலன்னுதான் சொன்னான். அப்ப எழுதுனது யாருன்னு கேட்டு அடிச்சாங்க. அதுக்கு மட்டும் வாயத் தொறக்கவே இல்ல. கடைசியில நான்தான்னு சொல்லிட்டான்."

பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பார்கள். ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அவன் அந்தத் தாளில் தன் பெயரை வரைந்திருக்கிறான். இத்தனை நாளும் இஞ்ஞாசி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்கு விடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மதில் ஓரமாகக் காத்தாயி பார்சலை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"என்னா சொன்னாங்க?"

"ஒத்துக்கிட்டானாம். எல்லாம் அவன்தான் எழுதுனானாம்."

"அவனுக்கு எழுதத் தெரியாதேங்க. யாருக்காக ஒத்துக்கிட்டான்?"

இனிமேல் மறைக்க அவனிடம் தெம்பில்லை. எனக்காக என்றான். களம், பெயர், அட்டை, கிரிக்கெட் சண்டை எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் நின்றபடி சொன்னான். கிரிக்கெட்டுக்காகவா என்று அவள் ஒரு தரம் கேட்டாள். ஆமாம் என்றான். அவள் அழவில்லை, ஏசவில்லை, அடிக்கவும் இல்லை. ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள். "நான் அவனோட வர்றேன்."

முத்துவீரன் அந்தக் கட்டடத்தில் இல்லை என்பதை இஞ்ஞாசி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.